அடுத்தவனின் கிண்ணம்

அடுத்தவனின் கிண்ணமும் காலியாக இருந்தது.

பல்செட்காரர் அதைக் கவனித்தது ஒரு நண்பகலில், மேசையிலிருந்து நழுவி விழுந்த மெழுகுக் கத்தியை எடுக்கக் குனிந்தபோது. வீட்டுப் பட்டறையில், பல்செட் செய்யும் வேலை மேசையின் அடியில், சுவர் ஓரமாக, ஓர் ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரும் அளவுக்கு ஓர் இருட்டு இடம் உண்டு. பிளாஸ்டர் மூட்டையை அங்கேதான் தள்ளி வைத்திருப்பார். மூட்டைக்கு முன்னால் அந்தப் பழைய ரப்பர் கிண்ணம். காலையில் அதில் அவர் போட்டது நான்கு துண்டு வெந்த கோழிக்கறி, சும்மா பேருக்கு. இப்போது அதில் ஒரு துண்டும் இல்லை. கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. நாய்க்குட்டி நக்கியிருந்தால் எச்சில் காய்ந்த கோடாவது இருக்கும். தவிர, நாய்க்குட்டி காலையிலிருந்து முன்னறையில் கட்டிலின் காலில் கட்டியபடி தூங்கிக்கொண்டிருந்தது. மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். பகல் டியூட்டிக்குப் போயிருந்தாள். பாப்பா பள்ளிக்கூடத்தில்.

“எலியா இருக்கும்,” என்று வாய்விட்டே சொன்னார். அந்த வீட்டில் குடியேறிய ஒன்பது வருஷத்தில் ஓர் எலியைக் கண்டதில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

அந்தக் கிண்ணம் அங்கே வந்ததற்குக் காரணம் துரை. துரைதான் அந்த நாய்க்குட்டி. வந்த முதல் நாளே தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, மரியாதை குறைந்துபோன சம்பந்தியைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதால் வைத்த பெயர். அதை வாங்கியதே பாப்பாவுக்காக. ஏழு வயதுப் பாப்பா ஒரு வாய்ச் சோற்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அரை மணி நேரம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். “ஒரு நாய்க்குட்டி இருந்தா, அது லபக் லபக்னு சாப்பிடறதைப் பாத்து இவளும் சாப்பிடுவா, பாருங்க,” என்றது மனைவியின் யோசனை. வந்து சேர்ந்ததோ பாப்பாவையே தூக்கிச் சாப்பிட்டுவிடும் ரகம். கடையில் வாங்கிய தீனியைக் கடித்துப் பார்த்துக் கீழே துப்பியது. பாலில் ஊறவைத்தால் பாலை மட்டும் நக்கிவிட்டு எழுந்தது. முட்டையில் ஒரு நாள் வெள்ளை மட்டும் போதும். மறுநாள் மஞ்சள் மட்டும். கோழிக்கறி கேட்டது என்று வேகவைத்துக் கொடுத்தால், யாரோ செத்ததற்குத் துக்கம் கேட்க வந்ததுபோல் அதன் எதிரில் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தது. இரண்டு வாரத்தில் விலா எலும்பை எண்ணிவிடலாம் என்று ஆகிவிட்டது.

நாய் டாக்டர் அம்மா வளவளவென்று பேசுகிறவர் இல்லை. “தட்டை வைங்க. பதினஞ்சு நிமிஷம். சாப்பிட்டா சரி, இல்லைன்னா எடுத்துடுங்க. அடுத்த வேளை வரைக்கும் ஒண்ணும் கிடையாது. கெஞ்சக் கூடாது, கொஞ்சக் கூடாது. தானா வழிக்கு வரும்.”

பல்செட்காரருக்குப் பதினைந்து நிமிஷம் பார்ப்பது சுலபம். பிளாஸ்டர் இறுகும் நேரத்துக்கென்று ஒரு டைமர் வைத்திருந்தார். தலையைத் திருகிவிட்டால் டிக் டிக் என்று ஓடி, நேரம் முடிந்ததும் கிர்ரென்று அடித்து மேசையையே அதிர வைக்கும். கஷ்டமாக இருந்தது கெஞ்சாமல் இருப்பதுதான். மணி அடித்ததும் தட்டை எடுக்கப் போனால் துரை அவரைப் பார்த்த பார்வையில் மனசு இளகிவிடும். நான்கு டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கிறவரால் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நாள்கூட இருக்க முடியவில்லை என்று மனைவி சிரித்தாள்.

அப்போதுதான் அந்த வித்தை ஞாபகம் வந்தது. சின்ன வயதில் அவர் அம்மா அவருக்குச் செய்தது. சாப்பிட அடம்பிடித்தால், கதவுப் பக்கம் திரும்பி, இல்லாத ஒருவனைக் கூப்பிடுவாள். உனக்கு வேண்டாமென்றால் அவன் சாப்பிட்டுப் போகட்டும் என்பாள். பொறாமையில் அவர் அள்ளி அள்ளிச் சாப்பிடுவார். பல்செட்காரர் பிளாஸ்டர் குழைக்கிற பழைய ரப்பர் கிண்ணம் ஒன்றை எடுத்துக் கழுவி, மேசைக்கடியில் வைத்து, நான்கு துண்டு கறியைப் போட்டார். குனிந்து அந்த இருட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“டேய், அடுத்தவனே! வாடா. இந்தத் துரைக்கு வேண்டாமாம். நீ வந்து சாப்பிட்டுப் போ.”

துரை காதை நிமிர்த்தியது. மேசைக்கடியைப் பார்த்தது. தன் தட்டைப் பார்த்தது. பிறகு தலையைக் குனிந்து, நிறுத்தாமல், தட்டு தரையில் நகர நகரச் சாப்பிட்டு முடித்தது. பல்செட்காரருக்குத் தலைகால் புரியவில்லை. பாப்பா கை தட்டினாள்.

பிறகு ஒவ்வொரு வேளையும் அதே நாடகம். டைமரைத் திருகுவார், அடுத்தவனைக் கூப்பிடுவார், துரை சாப்பிடும். ஒரு நாள் காலை, செய்து அனுப்பிய செட் ஒன்று வாயில் பொருந்தவில்லை என்று திரும்பி வந்த எரிச்சலில் இருந்தார். துரை தட்டருகே போகவே மனசில்லாமல் நின்றது. அவர் மேசைக்கடியைப் பார்த்துக் கத்தினார். “டேய் அடுத்தவனே, பதினஞ்சு நிமிஷத்துல சாப்பிடலைன்னா சாப்பாடும் உனக்கு, இவனும் உனக்கு! தூக்கிட்டுப் போடா!” சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. துரை வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு, ஊர்ந்து போய், மெல்லாமல் விழுங்கியது. சாப்பிடும்போது அது தட்டைப் பார்க்கவே இல்லை. மேசைக்கடியையே பார்த்துக்கொண்டிருந்தது.

காலிக் கிண்ணத்தைப் பார்த்தது அதற்கு மறுநாள்தான்.

அவர் கிண்ணத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். ரப்பர் விளிம்பில் ஓர் இடத்தில் மழமழவென்று அமுங்கிய தடம் இருந்தது. வேறு யார் கண்ணிலும் படாது. அவருக்கு அது பழகிய தடம். பல் இல்லாத வாய், ஈறால் கவ்வினால் இப்படித்தான் விழும். கிழவர்களிடமும் கைக்குழந்தைகளிடமும் பார்த்திருக்கிறார். எலி என்று அதற்குப் பிறகு அவர் சொல்லிக்கொள்ளவில்லை.

மறுநாள் அதே விளிம்பில், அமுங்கிய தடத்தின் நடுவில், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சின்னக் கோடுகள். கீழ்வரிசை முன்பற்கள். எந்தக் குழந்தைக்கும் முதலில் முளைப்பது அவைதான்.

பயந்துபோனார் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. அவருக்கு முதலில் பாப்பா மேல்தான் சந்தேகம் வந்தது. தட்டில் வைக்கிற சோற்றை விட்டுவிட்டு, பள்ளிக்குக் கிளம்பும் முன் நாய்க் கறியைத் தின்கிறாளோ என்று ஒரு கோபம்கூட வந்தது. ஆனால் பாப்பாவுக்குக் கீழ்வரிசையில் இரண்டு முன்பற்களும் விழுந்து, பொக்கை வாயோடு திரிகிற நேரம் அது. அவர் அலமாரியைத் திறந்தார். ரோஜா நிற மெழுகுத் தகடு ஒன்றை வெதுவெதுப்பான நீரில் காட்டி இளக்கி, கிண்ணத்தின் விளிம்பு நெடுக மடித்து ஒட்டினார். தொழில் புத்தி. ஒரு வாயை அச்செடுத்துப் பார்க்காமல் அவரால் நம்ப முடியாது.

சாயங்காலம் மெழுகில் கடி இருந்தது. பிளாஸ்டரை ஊற்றினார். டைமர் அடித்ததும் மெழுகை உரித்தார். உள்ளங்கையில் அரை நிலா வடிவத்தில் ஒரு சின்னத் தாடை உட்கார்ந்திருந்தது, மேலே நான்கு, கீழே நான்கு. நாயின் முன்பல் பொடிப்பொடியாக ஆறு இருக்கும், ஓரத்தில் கோரைப்பல் ஊசியாக நிற்கும். இவை தட்டையாக, அகலமாக, அழகாக இருந்தன. மனிதப் பால் பற்கள்.

அடுத்த எட்டு நாளில் அவர் ஐந்து அச்சு எடுத்தார். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் துரை சாப்பிடாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். உண்மை என்னவென்றால், தெரிந்துகொள்ளாமல் இருக்கத்தான் அவருக்கு அதிகப் பயம். தேதி எழுதி, வாடிக்கையாளர்களின் தாடைகளுக்கு நடுவே அலமாரியில் வரிசையாக வைத்தார். இரண்டாவது அச்சில் பால் பல் இருபதும் இருந்தன. மூன்றாவதில் அவை விழுந்து பெரிய பற்கள் முளைத்திருந்தன. நான்காவதில் ஞானப்பல். அதோடு முடிய வேண்டும். எந்த வாயிலும் அதற்குப் பின்னால் எதுவும் கிடையாது. ஐந்தாவதில் ஞானப்பல்லுக்குப் பின்னால் மேலும் மூன்று மூன்று கடைவாய்ப்பற்கள். ஆறாவதை ஊற்ற அவரிடம் இருந்த எந்தத் தட்டும் போதவில்லை. பாப்பாவின் டிபன் டப்பா மூடியில் ஊற்றினார். ஆறு சென்டிமீட்டருக்கு மேல் அகலமான தாடையை அவர் பார்த்தது அபூர்வம். இது பதினான்கு.

அளவைவிட அவரை உலுக்கியது வேறொன்று. ஒரு பல்லிலும் தேய்மானம் இல்லை. மனிதன் வாயில் முளைத்த பல், நாலு மாதம் மென்றால் போதும், முனை மழுங்கிவிடும். இவை புத்தம் புதிதாக, வார்த்து எடுத்ததுபோல் இருந்தன. இத்தனை நாள் இத்தனை கறியைத் தின்ற வாய், ஒரு துண்டைக்கூட மெல்லவில்லை. அப்படியானால் இத்தனை பல் எதற்கு?

அன்றைக்கு அவர் எல்லாவற்றையும் நிறுத்தினார். கிண்ணத்தை ஒரு பையில் முடிந்து தெருமுனைக் குப்பைத் தொட்டியின் அடியில் திணித்துவிட்டு வந்தார். மேசைக்கடியை ஒரு பலகையால் அடைத்து ஆணி அடித்தார். மனைவியிடம் சொல்ல இரண்டு முறை வாயெடுத்தார். நடுவில் ஒரு வாரம் சாயங்கால டியூட்டி பார்த்துவிட்டுக் களைத்துக் கிடந்தவளிடம், நான் விளையாட்டுக்குக் கூப்பிட்டவன் வந்துவிட்டான் என்று எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது. சொல்லாமலே இருந்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் துரை வாந்தி எடுத்தது. இத்தனை நாள் மெல்லாமல் விழுங்கியதெல்லாம் வயிற்றைக் கெடுத்துவிட்டது. டாக்டர் அம்மா ஊசி போட்டுவிட்டு, “இன்னிக்கு முழுக்கப் பட்டினி போடுங்க. தண்ணி மட்டும். கறி, கிறின்னு எதையும் கண்ணுல காட்டாதீங்க,” என்றார். பல்செட்காரருக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. சாப்பாடே கிடையாது என்றால் நாடகமும் கிடையாது. துரையை மடியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, பட்டறை வாசலில் ஒரு பழைய சாக்கை மடித்துப் படுக்க வைத்தார். அதன் வயிறு சூடாக இருந்தது. அவர் விரலை ஒரு முறை நக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. இந்தச் சனியனை இவ்வளவு பிடித்துப்போகும் என்று அவர் நினைக்கவே இல்லை.

மணி பதினொன்று இருக்கும். ஜன்னல் வழியாக நல்ல வெயில். தெருவில் யாரோ பழைய பேப்பருக்குக் குரல் கொடுத்துக்கொண்டு போனான். பல்செட்காரர் ஒரு செட்டுக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

டிக். டிக். டிக்.

தேய்ப்பதை நிறுத்தினார். உப்புத்தாளின் சரசரப்பில் அது எப்போது ஆரம்பித்தது என்றே தெரியவில்லை. டைமர் அலமாரியின் உச்சித் தட்டில், நேற்று அவர் ஏற்றி வைத்த இடத்திலேயே இருந்தது. அவர் அதைத் திருகவில்லை. அதன் தலை மெதுவாகத் தானே திரும்பிக்கொண்டிருந்தது.

துரை எழுந்துவிட்டது. கால் நடுங்க நடுங்க, அது தன் தட்டை நோக்கி நடந்தது. காலித் தட்டு. அதை நக்கியது. மறுபடி நக்கியது. தட்டின் ஒவ்வோர் அங்குலத்தையும், எதுவாவது ஒட்டியிருக்காதா என்பதுபோல், சத்தம் வர நக்கியது. பிறகு அவரைத் திரும்பிப் பார்த்தது. ஒரு பருக்கைக்கும் மூக்கைச் சுளித்த துரை, ஒரு வாய் போடேன் என்று கெஞ்சியது.

அவருக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. சாப்பிடலைன்னா இவனும் உனக்கு. நாற்காலி கவிழ அடுக்களைக்கு ஓடினார். ஃபிரிட்ஜைத் திறந்தார். கறி இல்லை, நேற்றே தீர்த்துவிட்டார். ஒரு முட்டை. பச்சை முட்டையாவது போதும். கையில் உடைந்தது. இன்னொன்று. ஓடிவரும்போதே கிர்ரென்று மணி அடித்தது. துரையின் சத்தம் ஒரு தடவை கேட்டது. பாதியில் நின்றது.

பட்டறையில் சாக்கு மட்டும் இருந்தது. பலகையும் ஆணியும் அடித்தபடியே இருந்தன. பலகைக்கு முன்னால், அவர் குப்பைத் தொட்டியில் திணித்துவிட்டு வந்த ரப்பர் கிண்ணம். அதற்குள் துரையின் சிவப்புக் கழுத்துப்பட்டை, பூட்டிய கொக்கி பூட்டியபடியே, கழுவித் துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தது.

பல்செட்காரர் முட்டை ஒழுகும் கையோடு தரையில் உட்கார்ந்து அழுதார்.

நான்கு மணிக்குப் பாப்பா வந்தாள். பையைப் போட்டுவிட்டு நேராகச் சாக்கிடம் போனாள். அவர், துரை வாசல் வழியாக ஓடிவிட்டது, தேடிக் கண்டுபிடிக்கலாம் என்று தயாரித்து வைத்திருந்த பொய்யைச் சொன்னார். பாப்பா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“அடுத்தவன் எடுத்துட்டானாப்பா?”

அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். பட்டறையை இழுத்துப் பூட்டினார். மனைவிக்குப் போன் போட்டார். பின்னால் வார்டு இரைச்சல் கேட்டது.

“நானும் பாப்பாவும் அங்க வந்துடறோம். இப்பவே.”

“இங்க எங்க வருவீங்க? என்ன ஆச்சு? துரைக்கு ரொம்ப முடியலையா?”

“துரை... ஓடிப்போச்சு.”

“அய்யோ. பாப்பா அழறாளா? சாப்பிட்டாளா? மதியமும் டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டு வந்திருப்பா, பாருங்க. முதல்ல அவளைச் சாப்பிட வைங்க. உங்க அடுத்தவன் இருக்கானே, அவனைக் கூப்பிடுங்க. நான் ஒரு வாரமா அதைச் சொல்லித்தானே ஊட்டறேன். சூப்பரா வேலை செய்யுது.”

“நீ என்ன சொன்ன?” அவர் பாப்பாவை அருகே இழுத்துக்கொண்டார். “அவகிட்ட என்ன சொன்ன?”

“அன்னிக்கு நீங்க கத்தினதைத்தான். பதினஞ்சு நிமிஷத்துல சாப்பிடலைன்னா சாப்பாடும் அவனுக்கு, நீயும் அவனுக்குன்னு. ஏங்க, இருக்கீங்களா? நான் எட்டு மணிக்கெல்லாம் வந்துடுவேன்.”

பூட்டிய கதவுக்குப் பின்னால் டிக் டிக் என்று ஆரம்பித்தது.

பாப்பாவை அள்ளித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். வாசற்படி தாண்டி, கேட்டைத் தாண்டி, தெருவில் பத்து வீடு ஓடினார். வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி ஆச்சரியமாகப் பார்த்தாள். டிக் டிக் சத்தம் ஓர் இம்மியும் குறையவில்லை. காதுக்குப் பக்கத்தில், வீட்டுக்குள் கேட்ட அதே தூரத்தில் கேட்டது. ஓடிப் பயனில்லை என்று அவருக்குத் தெரிந்தது. சாப்பாடு வீட்டில் இருந்தது. திரும்பி ஓடிவந்தார்.

சாப்பாட்டு மேசையில் பாப்பாவை உட்கார வைத்தார். காலையில் வடித்த சோறு, பருப்பு, ஒரு முட்டை. அவளுக்கு ஒரு தட்டு. அவள் சாப்பிடுவதற்காகத் தனக்கும் ஒரு தட்டு. அவர் முதுகு பட்டறைக் கதவைப் பார்த்து இருந்தது. ஆறு நிமிஷமாவது போயிருக்கும்.

“ஆ காட்டும்மா.”

“வேண்டாம்.”

“ஒரே ஒரு வாய். அப்பா செல்லம்ல.”

“துரை வந்தாத்தான் சாப்பிடுவேன்.”

உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துரைக்காக அழுகிறாள். துரைக்காகப் பட்டினி கிடக்கிறாள். இதற்கு அவர் கோபித்துக்கொள்ள முடியுமா? கரண்டியை உதட்டில் வைத்து அழுத்தினார். பருக்கைகள் மடியில் சிதறின. மூக்கைப் பிடித்து வாயைத் திறக்க வைத்து ஒரு வாய் திணித்தார். அவள் அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். விழுங்கவில்லை.

“முழுங்கும்மா. முழுங்கிடு. அப்பா உன் காலைப் பிடிச்சுக்கறேன்.”

துப்பிவிட்டாள்.

டிக். டிக்.

மணி அடிக்கும் முன்னால் அந்த டைமரின் ஓட்டம் கொஞ்சம் சுணங்கும். பத்தொன்பது வருஷப் பழக்கம் அவருக்கு. இப்போது சுணங்கியது.

அவர் தன் தட்டைப் பார்த்தார். தொடாத சோறு. தொடாத பருப்பு. அவரும்தான் சாப்பிடவில்லை.

தட்டைப் பின்பக்கமாக, கதவை நோக்கித் தள்ளினார். அது மேசை விளிம்பிலிருந்து விழுந்து உருண்டது.

“டேய், அடுத்தவனே,” என்றார். “எனக்கு வேண்டாம். இன்னிக்குச் சாப்பிடாதவன் நான்தான். சாப்பாடும் உனக்கு. நானும் உனக்கு.”

கிர்ரென்று அடித்தது. நின்றது.

பட்டறைப் பூட்டு தரையில் விழுந்த சத்தம். கதவின் கீல். பிறகு சத்தமே இல்லை. ஒரு வாசனை மட்டும் வந்தது. ஈரப் பிளாஸ்டர் வாசனை. பிளாஸ்டர் இறுகும்போது லேசாகச் சூடு ஏறும், கையில் வைத்தால் உயிருள்ளதை வைத்திருப்பதுபோல் இருக்கும். அந்தச் சூடு அவர் பிடரியில் பட்டது. நின்றது. மறுபடி பட்டது.

பாப்பாவின் கண்கள் அவர் முகத்திலிருந்து மேலே போயின. அவர் தலைக்கு மேலே. இன்னும் மேலே. அழுகை நின்றுவிட்டது.

அவள் கை தட்டுக்குப் போனது. ஒரு பிடி. வாயில் போட்டாள். விழுங்கினாள். இன்னொரு பிடி. கண் கொட்டாமல், தட்டைப் பார்க்காமல், மெல்லாமல்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. இடது தோளில் ஒரு வரிசை பட்டது, வலது தோளில் ஒரு வரிசை. தட்டையாக, அகலமாக, கூராக. ஒரு பல்லும் தேயவில்லை. அளவு அவருக்குத் தன்னாலே ஓடியது. பதினான்கு இல்லை. நாற்பது இருக்கும், கூடவே இருக்கும். புது செட்டை வாயில் பொருத்திப் பார்க்கும்போது டாக்டர்கள் சொல்வார்களே, மெதுவாகக் கடியுங்கள் என்று. அப்படித்தான், மெதுவாக, சரியாகப் பொருந்துகிறதா என்று அது கடித்துப் பார்த்தது.

பாப்பாவின் தட்டில் இன்னும் இரண்டு வாய் இருந்தது. அவர் கையை நீட்டித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

“அவசரப்படாத,” என்றார். “நல்லா மென்னு சாப்பிடும்மா.”